தகுந்த காரணமின்றி

தொலைபேசி அலறியது.

பவளராணி ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த மாவுக்கையோடு ஓடினாள். குளியலறையில் ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்த பஸ்தியாம்பிள்ளை சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். மேல்மாடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஸ்ரெபானி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். 2009ஆம் ஆண்டு யூன் மாதத்தில் டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரத்துத் தமிழ் வீடுகளில் தொலைபேசியை மூன்றாம் தரம் அடிக்க விட்டவர்கள் யாருமில்லை. போர் முடிந்துவிட்டது என்று அறிவித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வவுனியாவில் முள்ளுக்கம்பி முகாம்களுக்குள் இருப்பவர்கள் யாரிடமோ கைபேசியை இரந்து வாங்கி ஒரு நிமிடம் கதைப்பார்கள். அந்த நிமிடத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியாது.

பஸ்தியாம்பிள்ளைதான் முந்தினார்.

"ஹலோ, ஆர், விமலராணியோ? சொல்லு பிள்ளை, கேக்குது, சொல்லு."

மறுமுனையில் ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் உற்சாகமாக வணக்கம் சொன்னது. மெல்பேர்னிலிருந்து கதைக்கிறதாம். டோனல் இருக்கிறாரா என்று கேட்டது.

பஸ்தியாம்பிள்ளை ரிசீவரை மேசையில் வைத்தார். அதில் பாதி நுரை ஒட்டியிருந்தது.

"கீழை இருக்கிற பெடியனுக்காம். அவுஸ்திரேலியாவிலை இருந்து."

பவளராணி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். "நேரம் காலம் பாத்து எடுக்கிறாங்களே. எனக்கு நெஞ்சு இடிக்குது."

"இண்டைக்கு என்ன நாள் எண்டு எங்களுக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் பஸ்தியாம்பிள்ளை. சொன்ன விதத்தில், தெரிந்திருக்க வேண்டும் என்ற கோபம்தான் இருந்தது.

அன்று மரியநேசனின் முப்பத்தோராம் நாள். பஸ்தியாம்பிள்ளையின் ஒரே தம்பி. மே பதினான்காம் திகதி முள்ளிவாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து முடிந்துபோனான். மனைவி விமலராணியும் இரண்டு பிள்ளைகளும் அவனை அங்கேயே மண்ணுக்குள் வைத்துவிட்டு நடந்தார்கள். செய்தி டென்மார்க்குக்கு வந்துசேரப் பன்னிரண்டு நாள் பிடித்தது. இன்று பின்னேரம் நான்கு மணிக்குக் கத்தோலிக்கக் கோவிலில் பூசை. பிறகு மண்டபத்தில் அறுபது பேருக்குச் சாப்பாடு. ஆட்டிறைச்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கத்தரிக்காய் பொரித்து வைத்தாயிற்று. ரோல்ஸில் நூற்றிருபது இன்னும் சுற்றவேண்டியிருந்தது.

ஸ்ரெபானி நிலவறைக் கதவைத் தட்டி டோனலை எழுப்பினாள்.

டோனல் அயர்லாந்துக்காரன். வயது இருபத்தொன்று. அவனுடைய நாட்டில் கையாலும் காலாலும் ஆடுகிற ஒரு பந்தாட்டம் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட அதேமாதிரி ஒன்று ஆடுகிறார்கள். பந்து மட்டும் முட்டை வடிவம். அங்கத்தைய பெரிய கழகங்கள் அயர்லாந்துக் கிராமங்களுக்கு ஆள் அனுப்பி, ஓடக்கூடிய பெடியன்களைப் பொறுக்கி எடுத்துச் சம்பளத்துக்கு ஆடவைக்கும். டோனலைப் பதினெட்டு வயதில் அப்படித்தான் மெல்பேர்னுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் அங்கே வேலை இல்லை. யாரோ சிநேகிதன் சொல்லி டென்மார்க்குக்கு வந்து துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலையாகப் பெட்டி ஏற்றி இறக்கினான்.

அவன் முதன்முதல் ஞாயிறு பூசைக்கு வந்த அன்றே, பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கிற நேரத்தில், பவளராணி கொண்டுபோன ரோல்ஸில் ஒன்பதை நின்ற நிலையில் தின்றான். "பெத்தவள் இல்லாத பிள்ளை மாதிரித் தின்னுதப்பா" என்றாள் அவள். விசாரித்தால் அது உண்மையாகவே இருந்தது. அடுத்த மாதம் அவர்கள் வீட்டு நிலவறைக்குக் குடிவந்துவிட்டான். பவளராணிக்கு அவன் தம்பி. அவனுக்கு அவர்கள் அங்கிளும் அன்ரியும்.

டோனல் வெறுங்காலோடு வந்து ரிசீவரை எடுத்தான். ஏழெட்டுத் தரம் "யெஸ்" என்றான். அவனுடைய காதுமடல்கள் செக்கச்செவேலென்று ஆகின. ரிசீவரை வைத்தபிறகு அதிலிருந்த நுரை தன் கன்னத்தில் ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் நின்றான்.

அந்த வீட்டில் டோனலோடு கதைப்பது பாதி டேனிஷ், பாதி ஆங்கிலம். இரண்டு பக்கமும் நொண்டும், ஆனால் விழாது. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"என்னவாம் தம்பி?" என்றாள் பவளராணி.

"திரும்பி வரச் சொல்றாங்கள் அன்ரி. ஒரு வருச ஒப்பந்தம். நவம்பரிலை பயிற்சி தொடங்குதாம்."

"ஆர், அதே கழகமோ?" என்று பஸ்தியாம்பிள்ளை கேட்டார்.

"ஓம் அங்கிள். அதே கழகம். ஓர்ஹூஸ் நகரத்து அணியிலை எங்களோடை ஆடுற அந்த அவுஸ்திரேலிய வாத்தியார் நான் ஆடுறதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பாத்திட்டு, பந்தைக் குத்தி எடுக்க ஆர் உனக்குப் பழக்கினது எண்டு கேக்கிறாங்கள்."

பஸ்தியாம்பிள்ளையின் மழித்த கன்னம் மலர்ந்தது. பழக்கியது அவர்தான். மன்னாரில் கோவில் அணிக்குக் கோல் காத்தவர். குளிர்காலம் முழுவதும் பின்னாலுள்ள பள்ளிக்கூட மைதானத்தில், கடற்காற்றுக் காதைக் கிழிக்க, இந்தப் பெடியனோடு நின்றார். அந்த ஆட்டத்தில் பந்தோடு ஓடுகிறவன் பதினைந்து மீற்றருக்கு ஒருதரம் அதை நிலத்தில் குத்தி எடுக்கவேண்டும். உருண்டைப் பந்தென்றால் சொன்னபடி வரும். முட்டைப் பந்து நினைத்த பக்கம் பாயும். மூக்கை நிலத்துக்குக் காட்டு, கையைத் தளர்த்து என்று அவர் கத்தாத நாளில்லை. கோல் கம்பத்துக்குள் அடித்தால் ஆறு புள்ளி, கொஞ்சம் விலகிப்போனால் ஒரு புள்ளி என்று டோனல் சொன்னபோது அவர் நம்பவில்லை. "தவறவிட்டவனுக்கும் புள்ளி குடுக்கிறாங்களோ? நல்ல நாடு" என்று தன் வேலைத்தலத்தில் ஒருவர் விடாமல் சொல்லித் திரிந்தார்.

"சரி, நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கு. உன்ரை தாயும் என்ரை தம்பியும் சேர்ந்து கடவுளிட்டைக் கேட்டிருக்கினம்," என்றார் இப்போது. "இண்டைக்குப் பூசையிலை நன்றி சொல்லு."

"ஒரு கடிதம் இருக்கு அங்கிள். கையெழுத்து வைச்சு நாளைக்குள்ளை அனுப்பவேணும். பிறகுதான் ஒப்பந்தம் வருமாம்."

ஸ்ரெபானி மின்னஞ்சலைத் திறந்து அச்சடித்துக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம்தான். நின்றபடியே வாசித்தவள் நடுவில் நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் வீட்டில் பெரும்பாலும் டேனிஷிலேயே பதில் சொல்பவள். அப்பாவுக்கு அவசியம் விளங்கவேண்டிய விடயமென்றால் மட்டும் தமிழ் வரும்.

"அப்பா, உங்கடை கடிதத்திலை இருந்த அதே வசனம் இது."

"எது?"

"தகுந்த காரணம் இல்லாமல் இடத்தை விட்டுப் போனது. இவனையும் அப்பிடி எழுதி, ஓம் அது பிழை, மன்னிக்கவேணும் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கு."

பஸ்தியாம்பிள்ளை துவாயால் முகத்தின் நுரையைத் துடைத்தார். மற்றக் கன்னத்தை மழிக்கவேண்டும் என்பது மறந்துவிட்டது.

டோனல் கழகத்தைவிட்டுப் போன கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மெல்பேர்னில் இருந்தபோது அவனுடைய தாய் இறந்தாள். அயர்லாந்தில் மூன்றாம் நாளே அடக்கம். உலகத்தின் மறுமுனையிலிருந்து அவனால் போய்ச் சேர முடியவில்லை. தாயின் முகத்தைக் காணாமலே மண் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு மாதம் கழித்து ஆத்துமாவுக்குப் பூசை உண்டு. அதற்காவது போகிறேன் என்று கேட்டான். ஆட்டப் பருவம் முடியட்டும் என்றார் பயிற்சியாளர். டோனல் அன்று மாலையே விமானம் ஏறினான். பூசையன்று முன்வரிசையில் தகப்பனோடு முழங்காலில் நின்றான். அடுத்த கிழமை கழகம் அவனை நிறுத்தியது.

இதை அவன் முதன்முதல் சொன்ன அன்று பஸ்தியாம்பிள்ளை மேசையில் அடித்து, "எட, உங்களுக்கும் முப்பத்தோராம் நாள் இருக்கோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் அவன் வாடகைக்கு இருப்பவன் என்பது அவருக்கு மறந்துபோனது.

"தாய் செத்தது தகுந்த காரணம் இல்லையாம்," என்றார் இப்போது. மெதுவாகத்தான் சொன்னார். "அப்ப எதடா உங்களுக்குத் தகுந்த காரணம்?"

"இஞ்சேருங்கோ, அவனுக்கு வந்த கடிதம். அவன் வாசிக்கட்டும்," என்றாள் பவளராணி.

"அவனுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒண்டுதான். ஒரு பள்ளிக்கூடத்திலை படிச்சவங்கள் எழுதினது."

அவருக்கு வந்தது இது. பதினேழு வருடமாகச் சொசேஜ் தொழிற்சாலையில் ஒரே ஓடுபட்டிக்கு முன்னால் நிற்கிறார். நாலு பாகைக் குளிர். இரண்டு சோடிக் கையுறை. பட்டியில் வழுக்கிவரும் சொசேஜை எட்டெட்டாகத் தட்டில் அடுக்கவேண்டும். நிமிடத்துக்கு நாற்பது தட்டு. தும்மினால் இரண்டு தட்டுப் போய்விடும். மே இருபத்தாறாம் திகதி பவளராணி தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்ன செய்தியை, மேற்பார்வையாளன் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். தம்பி இறந்துவிட்டான், வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவும். பஸ்தியாம்பிள்ளை அதை வாசித்தார். மாற்றாள் கேட்டார். இடைவேளை வரை பொறு, அரை மணித்தியாலம்தானே என்றான் அவன். அவர் கையுறையைக் கழற்றிப் பட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார். பின்னால் சொசேஜ் நிலத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் வேலைக்குப் போகவுமில்லை.

நாலாம் நாள் கடிதம் கொடுத்தார்கள். தகுந்த காரணமின்றி வேலைத்தலத்தை விட்டு வெளியேறியதால் பட்டி பதினொரு நிமிடம் நின்றது. அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடவும். தம்பி செத்தது காரணமில்லையோ என்று அலுவலகப் பெண்ணிடம் கேட்டார். அவள் அன்பாகத்தான் சொன்னாள்: காரணம்தான், அதற்கு மரணச் சான்றிதழ் கொண்டுவாருங்கள்.

"மரணச் சான்றிதழ்," என்று அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்வார். "ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்ற அரசாங்கத்திட்டை போய் நான் சான்றிதழ் கேக்கவேணும். என்ரை தம்பி நாப்பத்திமூண்டு வருசம் உயிரோடை இருந்தவன். இவங்களுக்குப் பதினொரு நிமிசம்."

கையெழுத்து வைக்கமாட்டேன் என்று கடிதத்தைச் சமையலறை மேசையில் எறிந்தார். வேலை போனாலும் போகட்டும் என்றார். ஆனால் வேலை போகவில்லை. இரண்டு கிழமையாக ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேற்பார்வையாளன் காலையில் முகம் பார்த்து வணக்கம் சொல்கிறான். அலுவலகப் பெண் சிரிக்கிறாள். நிமிர்ந்து நின்றவனை அவர்கள் தொடமாட்டார்கள் என்பதைப் பஸ்தியாம்பிள்ளை அந்த இரண்டு கிழமையில் கண்டுகொண்டார். பூசைக்குச் சொல்லப் போன வீடுகளிலெல்லாம் அதைச் சொன்னார். விபோர்க்கிலும் ஹேர்னிங்கிலும் உள்ள சொந்தக்காரருக்குத் தொலைபேசியிலும் சொன்னார்.

"டோனல், நீ வைக்காதை," என்றார். "அவங்கள் வெருட்டிப் பாக்கிறாங்கள். உன்னை வேணுமெண்டுதான் கூப்பிடுறாங்கள். நீ வைக்காட்டிலும் எடுப்பாங்கள். என்னைப் பார். வைச்சனானோ? என்ன செய்தவங்கள்?"

டோனல் கடிதத்தை நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். "யோசிக்கிறன் அங்கிள்."

"யோசிக்க இதிலை என்ன இருக்கு?"

"இருபத்தொரு வயசு அங்கிள். இன்னும் இரண்டு வருசம் போனால் என்னை ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

அவன் கீழே இறங்கிப் போனபின் பவளராணி ஒரு ரோல்ஸைச் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, தட்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். நிமிராமலே கதைத்தாள்.

"உங்கடை வீரத்தை அந்தப் பெடியன்ரை தலையிலை கட்டாதேங்கோ."

"இது வீரமோ? நியாயம்."

"நியாயம்தான். உங்களுக்கு ஐம்பத்தொரு வயசு. வீடு இருக்கு, நான் உழைக்கிறன். அவனுக்கு அந்தப் பந்தை விட்டால் பெட்டி தூக்கிறதுதான்."

"அதுக்காகத் தாயை வித்துப் போறதோ?"

"தாயை ஆர் விக்கச் சொன்னது? ஒரு தாளப்பா."

"உனக்கு எல்லாம் தாள்தான்," என்றார். அதில் ஒரு குத்தலும் இருந்தது. அந்த வீட்டுக்கு வருகிற தாளெல்லாம் பவளராணியின் பொறுப்பு. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். டேனிஷ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நகரசபைக் கடிதம், வரிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எதுவும் அவர் கண்ணுக்கு வராது. வந்தாலும் அவர் வாசிப்பதில்லை.

மூன்று மணிக்குச் சிவபாலன் தன் வான் வண்டியோடு வந்தான். அதே தொழிற்சாலையில் களஞ்சியப் பக்கம் வேலை செய்கிறவன். சட்டிகளை ஏற்றுவதற்கு டோனலைத் தேடினால் அவன் மைதானத்தில் இருந்தான். தூறலில், தனியாக, பந்தைக் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருந்தான். இருபது தரத்தில் ஒருதரம்கூடப் பந்து கைக்குத் தப்பவில்லை. பஸ்தியாம்பிள்ளை வேலியோரம் நின்று எண்ணினார். கூப்பிட மனம் வரவில்லை. பிறகு கூப்பிட்டார்.

"நல்லாத்தான் ஓடுறான்," என்றான் சிவபாலன். "இவன் இஞ்சை பெட்டி தூக்கிறது அநியாயம் அண்ணை."

"அநியாயம்தான். அதைவிடப் பெரிய அநியாயம் ஒண்டு இருக்கு, கோவிலிலை வைச்சுச் சொல்றன்," என்றார்.

பூசைக்கென்று அவர் காலையில் குருவானவரிடம் கொடுத்த தாளில் ஒரு பெயர்தான் இருந்தது. கோவில் வாசலில் அது மாறிவிட்டது. முதலில் மேரிகிறேஸ் தயங்கித் தயங்கி வந்தாள். அவளுடைய தகப்பனும் தாயும் எந்த நாளில் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. திகதி தெரியாமல் முப்பத்தோராம் நாளை எங்கிருந்து எண்ணுவது? "அண்ணை, மரியநேசன்ரை நாளோடை எங்கடையாக்களையும் சேர்த்துச் சொல்லட்டோ?" என்று கேட்டாள். பஸ்தியாம்பிள்ளை தாளை நீட்டினார். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். கடைசியில் தாளின் மறுபக்கமும் நிறைந்தது. இருபத்தாறு பெயர்கள். குருவானவர் ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லோரையும் மே பதினான்கிலேயே இறக்கவைத்தார்கள், வேறு வழியில்லாமல்.

டோனல் பஸ்தியாம்பிள்ளையின் பக்கத்தில் முழங்காலில் நின்றான். ஏன் இத்தனை பெயர் என்று ஸ்ரெபானியிடம் மெல்லக் கேட்டான். அவள் சொன்னாள். அதற்குப் பிறகு பூசை முடியும்வரை அவன் தலை நிமிரவில்லை.

மண்டபத்தில் வாழையிலைக்குப் பதிலாகக் கடுதாசிக் கோப்பை. ஆட்டிறைச்சிக்குக் கொஞ்சம் உப்புக் கூடிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை, எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள். பஸ்தியாம்பிள்ளை சாப்பிடாமல் நின்று டோனலின் கடிதக் கதையைச் சொன்னார். இதற்கிடையில் அவரே அதைக் கழகத்துக்கு எதிரான வழக்காக மாற்றிவிட்டிருந்தார்.

"அண்ணை, உள்ளதைச் சொல்லட்டோ?" என்றான் சிவபாலன். "அது ஒரு கோடு. இழுத்துப்போட்டுப் போய் விளையாடட்டும். வென்றால் பிறகு ஆர் கடிதத்தைப் பாக்கிறது?"

"கோடோ? அந்தக் கோட்டுக்கு மேலை என்ன எழுதியிருக்கு எண்டு பார்."

"எல்லாக் கோட்டுக்கு மேலையும் ஏதாவது எழுதித்தான் இருக்கும்."

வயதான யோகம்மா பல்லுக்குள் அகப்பட்ட எலும்பை எடுத்துக் கோப்பையில் வைத்தாள். "பஸ்தியார், அந்தத் தாய் மேலை இருந்து பாத்தால் என்ன சொல்லுவா? வையடா மோனை, போய் விளையாடு எண்டுதான் சொல்லுவா."

"சொல்லுவா அக்கா. தாய் எண்டால் அப்பிடித்தான் சொல்லுவா. அதுக்காக மகன் எழுதிக் குடுக்கிறதோ, என்ரை தாய் செத்தது ஒரு காரணமில்லை எண்டு? தாய் மன்னிப்பா. அந்தத் தாள் மன்னிக்குமோ? பத்து வருசம் போனாலும் அவங்கடை அலுமாரிக்குள்ளை கிடக்கும், இவன்ரை தாயின்ரை சா ஒரு பிழை எண்டு."

பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"எங்கடை இருபத்தாறு பேருக்கு ஒரு தாளும் இல்லை," என்றார் பஸ்தியாம்பிள்ளை. "ஒரு சான்றிதழும் இல்லை. இருக்கிறது எங்கடை வாய் ஒண்டுதான். அந்த வாயாலை, ஓம் அது காரணமில்லை எண்டு சொன்னால், பிறகு அவங்கள் செத்ததுக்கு என்ன சாட்சி? நான் அதுதான் வைக்கேல்லை. வேலைக்குப் பயந்திருந்தால் வைச்சிருப்பன். வைக்கேல்லை. என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை."

"அதுதான் அண்ணை எனக்கும் விளங்கேல்லை," என்றான் சிவபாலன் தலையைச் சொறிந்தபடி. "போன வருசம் அந்தப் போலந்துக்காரன் வைக்கமாட்டன் எண்டவன். மூண்டாம் நாள் வேலையாலை அனுப்பிப்போட்டாங்கள். உங்களை மட்டும் எப்பிடி விட்டவங்கள்?"

"அவன் குடிச்சிட்டு நிண்டவன். நான் நியாயத்தோடை நிண்டனான்."

பவளராணி அந்த நேரம் பருப்பு வாளியோடு பந்தியில் வந்தாள். யோகம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவளுக்கு இரண்டு அகப்பை ஊற்றிவிட்டு, விறுவிறென்று சமையலறைக்குப் போனாள்.

டோனல் மேசையின் கடைசியில் இருந்தான். அவனுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் ஸ்ரெபானி பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு பேர் என்ற இடத்தில் அவன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். போதும் என்றான்.

ஏழு மணிக்குச் சனம் கலைந்தது. வெளியே வெயில் அப்போதுதான் வந்திருந்தது. யூன் மாதத்தில் அங்கே பத்தரை மணிவரை வெளிச்சம். சமையலறையில் பவளராணி பெரிய சட்டியைச் சரித்துவைத்து, முழங்கைவரை உள்ளே விட்டுத் தேய்த்தாள். பஸ்தியாம்பிள்ளை தேய்த்த சட்டிகளைத் துடைத்து அடுக்கினார். நாளெல்லாம் கதைத்த களைப்பு. கோபம் கொஞ்சம் அடங்கி, அந்த இடத்தில் ஏதோ செய்து முடித்த நிறைவு வந்திருந்தது.

டோனல் கைபேசியோடு உள்ளே வந்தான்.

"அங்கிள், நான் யோசிச்சுப் போட்டன்."

"சொல்லு."

"நான் வைக்கேல்லை. இந்தாங்கோ, எழுதிட்டன்." திரையைக் காட்டினான். நாலு வரி ஆங்கிலம். என் தாயின் பூசைக்குப் போனதற்கு நான் வருத்தப்படவில்லை, அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன், இப்படியே என்னை எடுப்பதென்றால் எடுங்கள். "அவங்கள் எடுக்கமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும். பரவாயில்லை. ஆனால் நீங்கள் சொன்னமாதிரி, எடுக்கவும் கூடும்தானே. உங்களை விட்டவங்கள்தானே."

காலையிலிருந்து பஸ்தியாம்பிள்ளை இதைத்தான் கேட்டார். கிடைத்தபோது அவனுடைய முகத்தைப் பார்க்க ஒரு கணம் கஷ்டமாக இருந்தது. சின்ன முகம். இருபது தரம் குத்திய பந்து கைக்குத் தப்பாதவனின் முகம். ஆனாலும் அவர் ஈரக் கையோடு அவனுடைய தோளைப் பிடித்து அணைத்தார்.

"நீ மனிசன். உன்ரை தாய் ஒரு மனிசனைப் பெத்திருக்கிறா. அனுப்பு."

"அனுப்பாதை தம்பி," என்றாள் பவளராணி.

சட்டிக்குள்ளிருந்து வந்ததால் அந்தக் குரல் பெரிதாகக் கேட்டது. அவள் கைகளை வெளியே எடுத்தாள். சவர்க்காரத் தண்ணீர் நிலத்தில் சொட்டியது.

"நீ குறுக்கை கதையாதை," என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"பொறு தம்பி. அனுப்பாதை. அவர் சொல்றதைக் கேட்டு அனுப்பாதை."

"ஏன், நான் என்ன பொய்யே சொன்னனான்? எனக்கு நடந்ததைத்தான் சொன்னனான். நான் வைக்கேல்லை, அவங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவங்கள். நீ இந்த வீட்டிலைதானே இருக்கிறாய்? உனக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப சொல்லு அவனுக்கு."

பவளராணி கையைத் துடைக்க மறந்து நின்றாள். கணவரைப் பார்த்தாள். பிறகு டோனலைப் பார்த்தாள். அவனுடைய பெருவிரல் கைபேசிக்கு மேலே நின்றது. இரண்டு பேருக்கும் ஒரேயடியாக விளங்கட்டும் என்று அவள் டேனிஷிலேயே, ஒரு சொல்லும் நொண்டாமல் சொன்னாள்:

"இருபது வருசமா இந்த வீட்டுக்கு வாற எல்லாத் தாளிலையும் வைக்கிறமாதிரி, அந்தக் கடிதத்திலையும் உங்கடை கையெழுத்தை நான்தான் வைச்சு அடுத்த நாளே கொண்டுபோய்க் குடுத்தனான்."